'வ'-வுல ஒரு முள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலயே உட்கார்ந்திருக்கும்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். தண்ணி லாரி டிரைவருக்கு மட்டும் தெரியாது, பாவம், அவன் புதுசு. லாரிக்குப் பின்னாடி 'வேகம் வேண்டாம்'னு வளைச்சு வளைச்சு, வாலை நீட்டி, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதி வச்சிருந்தான். நான் குடத்தைக் கீழ வச்சுட்டு, "ஏம்ப்பா, இது யாரோட எழுத்துன்னு தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"ஸ்டிக்கர் கடையில ஒட்டிக் கொடுத்தாங்க. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லாம என்ன? என் தங்கச்சி எழுத்து அது."

அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "சரிங்கம்மா, குடத்தை எடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க"ன்னான். அவனைச் சொல்லி என்ன ஆகப் போகுது? பெத்த பொண்ணே ஒத்துக்காததை லாரிக்காரன் வந்து ஒத்துக்கணுமா?

என் தங்கச்சியை எங்க வீட்டுல 'சின்னவ'ன்னு தான் கூப்பிடுவோம். முடி நரைச்சும் அதே பேர் தான். நான் கல்யாணமே வேண்டாம்னு அடம் பிடிச்சு நின்னவ. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில பாக்கெட் வெட்டறது என் வேலை. அவ கல்யாணம் பண்ணிட்டுப் போனா, பொண்ணு தவழற வயசுல புருஷனைப் பறிகொடுத்துட்டு, ஒரு பெட்டியும் பொண்ணுமா என் வீட்டுக்கே திரும்பி வந்தா. அந்தப் பொண்ணை நாங்க ரெண்டு பேரும் 'பாப்பா', 'பாப்பா'ன்னு தூக்கி வளர்த்தோம். ஒரு வீட்டுக்கு ரெண்டு அம்மா. ஒருத்தி திட்டுவா, ஒருத்தி திட்டவே மாட்டா. எது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னவளுக்குக் கல்யாணக் கார்டு அடிக்கிற கடையில வேலை. கார்டு மேல பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், கவர் மேல விருந்தாளி பேர், எல்லாம் பட்டை நிப் வச்சுக் கையால எழுதுவா. அவ எழுதறதைப் பார்க்கணும்! 'ல'வோட வால் சுத்திக்கிட்டுப் போய் அடுத்த எழுத்துக்கு அடியில படுத்துக்கும். 'ண'வோட சுழி ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கி நிக்கும். பேர் சின்னதா இருந்தா வாலை நீளமா விடுவா, பேர் நீளமா இருந்தா வாலை மடிச்சுக்குவா. கார்டு வாங்க வந்தவங்க காசை எடுத்து வச்சுட்டும் போகாம நின்னு பார்த்துட்டு இருப்பாங்க. அந்த எழுத்துக்காகவே அந்தக் கடைக்கு வந்தாங்கன்னு சொன்னா அது பொய் இல்லை.

முதலாளி கெட்டவர்னு சொல்ல மாட்டேன். கெட்டவரா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியாத் தூங்கிடுவேன். சிரிச்ச முகம், தேனா பேச்சு. ஒருநாள் ஒரு கம்ப்யூட்டர்காரனைக் கூட்டிட்டு வந்தாரு. "உன் எழுத்தை ஃபான்ட்டாப் பண்ணப் போறோம்மா. எல்லா எழுத்தையும் ஒவ்வொண்ணா, தனித்தனியா, பெருசா எழுதிக் கொடு. அப்புறம் கம்ப்யூட்டரே உன் எழுத்துல அடிச்சுடும், உன் கைக்கு வலியே இல்லை"ன்னாரு. இவளுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. புது நிப் வாங்கினா. அவங்க கொடுத்த கெட்டித் தாளை மாரோட அணைச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தா.

என் தையல் மெஷின் மேசையில உட்கார்ந்து எழுதினா. முதல் நாளே முழிச்சா. "அக்கா, தனியா எழுத வர மாட்டேங்குது. பக்கத்துல யார் வர்றாங்கன்னு தெரிஞ்சா தானே வாலை எந்தப் பக்கம் விடறதுன்னு தெரியும்?"னா. எனக்கு அது அப்பவே சரியாப் படல. ஆனா நான் என்னத்தைக் கண்டேன்? பாக்கெட் வெட்டறவ. "அவங்க கேட்ட மாதிரி எழுதிக் கொடுடி"ன்னுட்டேன்.

'வ' எழுதும்போது தான் அது நடந்துச்சு. வாலைக் கீழ இறக்கி, இடது பக்கமா வளைச்சுட்டு வர்றா. பாப்பா எதையோ துரத்திட்டு ஓடி வந்து அவ முழங்கையில இடிச்சுட்டா. நிப் தாள்ல சிக்கி, வளைவுல ஒரு சின்ன முள் மாதிரி நீட்டிக்கிச்சு. கெட்டித் தாள் அதோட தீர்ந்தும் போச்சு. நான் பாப்பா முதுகுல ஒண்ணு வைக்கக் கை ஓங்கினேன். சின்னவ பிள்ளையை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. மறுநாள் கடையில போய்ச் சொன்னதுக்கு, "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல தேய்ச்சு எடுத்துடுவேன்"னான் அந்தக் கம்ப்யூட்டர்காரன். எங்க எடுத்தான்? சோம்பேறி. அப்படியே விட்டுட்டான்.

ஃபான்ட் வந்துச்சு. அதுக்கு முதலாளி தன் சம்சாரம் பேரை வச்சாரு. அந்தம்மா வாழ்க்கையில பால் கணக்கு கூட எழுதினதில்லை. இவளைப் பசை மேசைக்கு மாத்தினாங்க. கவர் மடிச்சு ஒட்டற வேலை. நான் வீட்டுல தாம் தூம்னு குதிச்சேன். "நாளைக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்"ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "விடுக்கா. நான் எழுதினா எத்தனை வீட்டுக்குப் போகும்? இப்ப எல்லார் வீட்டுக்கும் போகுது." சந்தோஷமா சொன்னா. அதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

போச்சு தான். கார்டோட நின்னுச்சா? ஒரு கடையில இருந்து இன்னொரு கடைக்கு, பென் டிரைவ்ல ஏறி, ஊரையே சுத்திச்சு. அழகு நிலையம் போர்டு. துணிக்கடைப் பை. பல் டாக்டர் கதவு. செருப்புக் கடை தள்ளுபடி. செத்தவங்களுக்குச் சுவத்துல ஒட்டற கண்ணீர் அஞ்சலி. எல்லாத்துலயும் என் தங்கச்சி கை. எங்க 'வ' வந்தாலும் அந்த முள். ஆரம்பத்துல பஸ்ல போகும்போது பாப்பா ஜன்னல் வழியாக் காட்டி, "அம்மா, நான் இடிச்சது!"ன்னு கத்துவா. இவ சிரிப்பா. வளர வளர பாப்பா காட்டறதை விட்டுட்டா. யார் தான் ஆயுசு முழுக்க போர்டையே காட்டிட்டு இருப்பாங்க, அதை நான் தப்பு சொல்லல.

பாப்பா நல்லாப் படிச்சா. பெரிய கம்பெனியில சேர்ந்தா, அங்கேயே ஒரு பையனைப் பார்த்துக்கிட்டா. நல்ல பையன் தான், வாய் இல்லாத பிள்ளை. வீட்டுல பேச்செல்லாம் அவங்கம்மா தான். வசதியான குடும்பம். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஏசி, ஷோகேஸ்ல யாரும் காபி குடிக்காத கப்பு. கல்யாணச் செலவை நாங்களே பார்த்துக்கறோம்னாங்க. அப்போ தான் சின்னவ வாயைத் திறந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒண்ணு கேட்டா.

"பாப்பா, கார்டு மட்டும் நான் எழுதித் தரேண்டா. அச்சு வேணாம். ஒவ்வொண்ணும் என் கையால."

பாப்பா அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "எழுதும்மா. அது தான் எனக்கு வேணும்"னா. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். என் காதால கேட்டேன்.

நெருங்கினவங்களை மட்டும் கூப்பிடற கல்யாணம் தான். ஆனாலும் கையால எழுதறதுன்னா சும்மாவா? சாயந்தரம் கடையில இருந்து வந்து, விரல்ல காய்ஞ்ச பசையைச் சுரண்டி எடுத்துட்டு, என் மேசையில உட்காருவா. நான் அட்டையை வெட்டிக் கொடுப்பேன். எழுதினதை வாங்கித் துணிக் கொடியில கிளிப் போட்டு மாட்டுவேன். எத்தனையோ வருஷமாச்சு அவ நிப்பைத் தொட்டு. முதல்ல கை வரல, ரெண்டு மூணு அட்டை வீணாச்சு. அப்புறம் பாருங்க, பழைய கை வந்து உட்கார்ந்துச்சு. இல்லை, பழசை விட நல்லா வந்துச்சு. பக்கத்து எழுத்து யாருன்னு தெரிஞ்சு எழுதறாளே! ஒரு கார்டு மாதிரி இன்னொரு கார்டு இல்லை. ஒவ்வொரு 'வ'வும் வழவழன்னு இறங்குச்சு, முள் இல்லாம. "ஏண்டி, கல்யாணம் பாப்பாவுக்கா உனக்கா?"ன்னு நான் கிண்டல் பண்ணேன். "சும்மா இருக்கா, மை சிந்திடும்"னு சொல்லிச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்தது அது தான் கடைசி.

மாப்பிள்ளை வீட்டுக்குன்னு எழுதின கார்டையெல்லாம் ஒரு துணிப்பையில வச்சு, நானும் அவளும் எடுத்துட்டுப் போனோம். பாப்பா ஆபீஸ்ல இருந்து நேரா வந்திருந்தா. சோபாவுல உட்கார வச்சாங்க. தண்ணி கொடுத்தாங்க. சின்னவ பையைப் பிரிச்சு, மேல இருந்த ஒண்ணை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினா.

சம்பந்தியம்மா ரெண்டு விரல் நுனியில பிடிச்சாங்க. பார்த்தாங்க. முகம் ஒரு மாதிரி ஆச்சு.

"இந்த எழுத்தா?"ன்னாங்க. "ஐயோ, இது எல்லா இடத்துலயும் இருக்கே! எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல பியூட்டி பார்லர் போர்டு இது தான். போன வாரம் மேல் மாடிக்காரர் தவறிட்டாரு, அவருக்கு அடிச்ச போஸ்டர் கூட இதே. நல்ல காரியத்துக்கு இதையா போடறது? கடைக்காரன் கையில இருந்த ஃபான்ட்டைப் போட்டு உங்க தலையில கட்டிட்டான் போல!"

சிரிச்சுட்டே தான் சொன்னாங்க. மனசுல விஷம் வச்சுச் சொல்லல, அதையும் சொல்லிடறேன். அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? விரலால ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தா மை தட்டுப்பட்டிருக்கும். ரெண்டு கார்டைப் பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரு பார்க்கறா? அச்சுன்னு நினைச்சா அச்சு தான்.

சின்னவ பாப்பாவைப் பார்த்தா. நானும் பாப்பாவைத் தான் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. 'எங்கம்மா கையால எழுதினது அத்தை.' அவ்வளவு தானே? அதைச் சொன்னா அந்தம்மா சோபாவுல இருந்து எழுந்து நின்னிருப்பாங்க.

பாப்பா முகம் செவந்துச்சு. அழகு நிலையம், செத்தவங்க போஸ்டர், அதெல்லாம் எழுதினது இவங்கம்மான்னு இந்த ஏசி அறையில எப்படிச் சொல்றதுன்னு அவ தவிச்சது எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.

"ஆமா அத்தை"ன்னா. "அவசரத்துல கடையில ரெடியா இருந்த ஃபான்ட்டைப் போட்டுட்டாங்க. வேற மாத்திடலாம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிச்சு. வாயைத் திறந்தேன். சின்னவ என் தொடையில நகம் பதியக் கிள்ளினா. இன்னொரு கையை, மை படிஞ்ச விரலோட, முந்தானைக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டா.

"ஆமாங்க, மாத்திடலாம்"னு அவளும் சொன்னா.

திரும்பி வர்ற பஸ்ல நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். என்ன பொண்ணை வளர்த்து வச்சிருக்கோம், நெஞ்சுல ஈரம் இருக்கான்னு முன் சீட்டுக்காரங்க திரும்பிப் பார்க்கற அளவுக்குப் பேசினேன். அவ பையை மடியில வச்சுக்கிட்டு, "அவ வாழப் போற வீடுக்கா. முதல் நாளே தலை குனியக் கூடாது"ன்னா. "அப்ப உன் தலை?"ன்னு கேட்டேன்.

கல்யாணத்துக்கு வேற கார்டு வந்துச்சு. தங்க நிறத்துல, கம்பி மாதிரி எழுத்து, படிக்கவே முடியல. இன்னொரு கூத்தைக் கேளுங்க. மண்டபத்து வாசல்ல, அலங்காரம் பண்ற ஆள் எல்லாக் கல்யாணத்துக்கும் வைக்கிற போர்டையே கொண்டு வந்து வச்சிருந்தான். 'நல்வரவு'. ஆள் உயரத்துக்கு. அதே எழுத்து, அதே முள். சம்பந்தியம்மா அது முன்னாடி நின்னு சிரிச்சு சிரிச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, கண்ணுலயே படல அவங்களுக்கு. சின்னவ அதைத் தாண்டி உள்ள போய், கடைசி வரிசை நாற்காலியில உட்கார்ந்தா. பொண்ணோட அம்மா, கடைசி வரிசையில. நான் தான் கையைப் பிடிச்சு முன்னாடி இழுத்துட்டுப் போனேன்.

எழுதின கார்டையெல்லாம் அவ குப்பைக்குப் போடப் போனா. நான் விடல. பாக்கெட் வெட்ட அளவு அட்டையா வச்சிருக்கேன். கெட்டியா இருக்கு, நல்லா உழைக்குது. இந்த ஊர் வாட்ச்மேன் பாதிப் பேர் சட்டைப் பாக்கெட் அந்தக் கார்டை வச்சு வெட்டினது தான்.

அதுக்கப்புறம் அவ எழுத்தை மாத்திக்கிட்டா. யாரும் சொல்லல, அவளா மாத்தினா. கடையில பார்சல் மேல பேர் எழுதினாலும் சரி, காலண்டர்ல கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிச்சாலும் சரி, வால் இல்லாம, சுழி இல்லாம, வெட்டி வச்ச குச்சி மாதிரி எழுதினா. பழைய நிப் எங்க போச்சுன்னு கேட்டேன். "இருக்கும் எங்கயாவது"ன்னா. கடையில ஒருத்தருக்கும் அந்த வித்தியாசம் தெரியல.

பாப்பா வருவா, போவா. போன் பண்ணுவா. அந்த நாளைப் பத்தி மட்டும் அம்மாவும் பொண்ணும் பேசினதே இல்லை. பேசிடுவா, இன்னைக்குப் பேசிடுவான்னு ஒவ்வொரு தடவையும் சின்னவ அவ முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா. பாப்பா சாப்பிட்டுக் கை கழுவிட்டுக் கிளம்பிடுவா.

போன மாசம் குழந்தையைத் தூக்கிட்டு வந்தா. பெண் குழந்தை, முட்டைக் கண்ணு. பேரும் வச்சாச்சு, 'வ'வுல தான் ஆரம்பிக்குது. கொஞ்சிட்டு இருக்கும்போதே பாப்பா பையில இருந்து ஒரு கெட்டித் தாளை எடுத்து மேசை மேல வச்சா.

"அம்மா, இவ பேரை எழுதிக் கொடும்மா. கட்டிலுக்கு மேல ஃப்ரேம் போட்டு மாட்டணும். இப்ப கையால எழுதினது தான் எல்லாரும் மாட்டறாங்க. அத்தை கூட யாரையாவது வச்சு எழுத வைக்கலாம்னாங்க."

சின்னவ தாளைத் தடவிப் பார்த்தா. அவ முகத்துல வெளிச்சம் வந்துச்சு, சத்தியமாச் சொல்றேன், வந்துச்சு.

"யார் எழுதினதுன்னு சொல்லுவே?"ன்னு கேட்டா.

பாப்பா குழந்தையோட காலுறையை இழுத்து விட்டா. சரியாத் தான் இருந்துச்சு, மறுபடியும் இழுத்து விட்டா. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"ன்னா.

என்னால பொறுக்க முடியல. "ஏண்டி, வாயைத் திறந்து எங்கம்மா எழுதினதுன்னு சொன்னா உன் கிரீடம் கீழ விழுந்துடுமா?"ன்னு கேட்டுட்டேன்.

"பெரியம்மா, நீங்க சும்மா இருங்க. இப்பப் போய்ச் சொன்னா, அன்னைக்கு ஏன் பொய் சொன்னேன்னு கேக்க மாட்டாங்களா? உங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. அங்க இருக்கப் போறது நான்." கண்ணுல தண்ணி வேற. அழுதா நான் விட்டுடுவேன்னு சின்ன வயசுலயே அவளுக்குத் தெரியும்.

சின்னவ என் மேசையில கிடந்த பால் பாயிண்ட் பேனாவை எடுத்தா. அந்தக் கெட்டித் தாள் நடுவுல குழந்தை பேரை எழுதினா. குச்சி குச்சியா, நேரா, வாலும் இல்லாம வளைவும் இல்லாம. ஊதிக் கொடுத்தா, பால் பாயிண்ட்டுக்கு ஊத வேண்டியதே இல்லை.

பாப்பா தாளையே பார்த்துட்டு இருந்தா. "என்னம்மா இது? இது உன் எழுத்தே இல்லையே."

"இது தான் என்னோடது. நீ கேக்கறது கடையில இருக்கு."

பாப்பா அந்தத் தாளை மடிக்காமப் பத்திரமாத் தான் எடுத்துட்டுப் போனா. மாட்டுவான்னு நான் நினைச்சேன். எனக்கு வயசாகியும் புத்தி வரல.

நேத்து என் போன்ல போட்டோ வந்துச்சு. கட்டில், குழந்தை, அதுக்கு மேல கண்ணாடி ஃப்ரேம். உள்ள வளைச்சு வளைச்சு, வாலை நீட்டி, தங்க மையில குழந்தை பேர். கீழ பாப்பா அனுப்பியிருந்தா: 'அத்தைக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்டக் காட்டுங்க.' பழைய ஃபான்ட் தான். ஃப்ரேம் போட்டதும் அவங்களுக்குக் கையால எழுதினதா ஆயிடுச்சு.

காட்ட வேணாம்னு தான் நினைச்சேன். அவ எட்டிப் பார்த்துட்டா. போனை வாங்கி, ரெண்டு விரலால பெருசாக்கி, ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி நகர்த்திப் பார்த்தா. முதல் எழுத்துல வந்து நின்னா. அந்த முள் அப்படியே இருந்துச்சு, தங்கக் கலர்ல. கட்டை விரலால அதைத் தேய்ச்சா.

"நல்லாத் தான் எழுதியிருக்கேன், இல்லக்கா?"ன்னா. "இது மட்டும் அவ இடிச்சது."

போனை என் கையில கொடுத்துட்டு, கொடியில காய்ஞ்ச துணியை எடுக்கப் போயிட்டா.